நரி முகத்துல முழிக்கணும்னா நரி இருக்கணும்ல?

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் காந்தி மார்க்கெட் மண்டியில சின்ன வெங்காயக் கணக்கை முடிச்சேன். பெரிய கடைவீதி பக்கம் போய்ப் பழைய சேலை ஒரு மூட்டை வாங்கினேன். அதைத் தோள்ல தூக்கிக்கிட்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து துறையூர் வண்டிக்காக நின்னுக்கிட்டு இருந்தேன். பக்கத்துல காலேஜ் பிள்ளைங்க ஏழெட்டுப் பேரு, எல்லாருக்கும் ஒரே பச்சை கலர் பனியன். காலடியில கூடை கூடையா மரக்கன்னு. வேம்பு, புங்கன், பூவரசு, நாவல். இதுக்குக் கண்டக்டர் எவ்வளவு லக்கேஜ் கேப்பாரோன்னு அதுங்களுக்குள்ள ஒரு விவாதம்.

அதுல ஒரு தம்பி என் மூட்டையைப் பார்த்துட்டு, "என்னங்கய்யா, பழைய துணி வியாபாரமா?"ன்னு கேட்டான்.

"இல்ல தம்பி, பன்னிக்கு வேலி."

அவனுக்குப் புரியல. சேலையைக் கம்புல கட்டிக் கொல்லையைச் சுத்தி இழுத்துவிட்டா, காத்துல ஆடுறதைப் பார்த்து ஆள் நிக்குதுன்னு காட்டுப்பன்னி ஒதுங்கும். ஒரு வாரம் ஒதுங்கும். அப்புறம் அதுக்கும் விஷயம் தெரிஞ்சுடும். மறுபடி வேற கலர் சேலை. போன வருஷம் ஒன்றரை ஏக்கர் மக்காச்சோளத்துல பாதி பன்னிக்குப் போச்சு. கதிரைத் தின்னது கால்வாசி, மிதிச்சுச் சாய்ச்சது கால்வாசி. இதையெல்லாம் சொன்னேன். பாவம், நல்ல பிள்ளை, முகம் வாடிப்போச்சு.

"நீங்க எங்க தம்பி கிளம்பிட்டீங்க?"

"பச்சைமலை அடிவாரத்துக்குங்கய்யா. மரம் நடப் போறோம்." ஊர் பேரைச் சொன்னான். எங்க ஊருக்குப் பக்கத்து ஊர். "அடுத்தது உங்க ஊருதான். பஞ்சாயத்துல பேசியாச்சு. அங்க பதினெட்டு ஏக்கர் சும்மா கிடக்குதாமே?"

நான் பதில் சொல்றதுக்குள்ள வண்டி வந்துருச்சு. கூட்டத்துல அவன் முன்னாடி ஏறிட்டான், நான் மூட்டையோட பின்னாடி ஏறினேன். வண்டி காவிரிப் பாலம் தாண்டி, கொள்ளிடம் தாண்டி, மண்ணச்சநல்லூர் தாண்டிப் போற வரைக்கும் அந்த ஒரு வார்த்தைதான் மண்டைக்குள்ள ஓடுச்சு. சும்மா கிடக்குது. அந்தத் தம்பிக்கு பஸ்ல சொல்ல முடியாத பதிலைத்தான் இங்க எழுதுறேன். திருச்சியிலயும் சென்னையிலயும் உக்காந்து இதைப் படிக்கிற உங்களுக்கும் சேர்த்துத்தான்.

அது சும்மா கிடக்கலங்க.

எங்க ஊர் எப்படி இருக்குன்னு முதல்ல சொல்லிடுறேன். மேல பச்சைமலைக் காப்புக்காடு. கீழ எங்க கொல்லைங்க. நடுவுல அந்தப் பதினெட்டு ஏக்கர் மேய்ச்சல் புறம்போக்கு. ரெவின்யூ ஆளுங்க மேய்க்கால்னு எழுதுவாங்க, நாங்க மந்தைவெளின்னு சொல்லுவோம். பெருசா மரம் கிடையாது. அங்கொண்ணும் இங்கொண்ணுமா வெள்வேல மரம், இலந்தைப் புதர், ஆவாரை, எருக்கு. மத்ததெல்லாம் புல்லு. கொழுக்கட்டைப்புல், ஊசிப்புல், அருகு. சித்திரையில வந்து பார்த்தா காஞ்சுபோய்க் கட்டாந்தரையாத் தெரியும். போட்டோ எடுத்தா அசிங்கமாத்தான் இருக்கும். ஐப்பசி மழை ரெண்டு பெஞ்ச பிறகு வந்து பாருங்க.

அந்தப் புல்லுக்குள்ள யார் யார் குடியிருக்காங்கன்னு சொல்றேன். வெட்டுக்கிளி, கரையான், சாணி உருட்டுற வண்டு. அதைத் திங்கக் கவுதாரி, காடை, ஓணான், தேளு. வெறும் தரையில முட்டையிடுற ஆள்காட்டிக் குருவி. மாட்டுக் காலடியில கிளம்புற பூச்சியைப் பிடிக்க உண்ணிக்கொக்கும் கரிச்சானும். வெள்ளெலி, முயல். எலியைப் பிடிக்கச் சாரைப்பாம்பும் கூகையும். பனிக்காலம் வந்தா பூனைப்பருந்து. அது மத்திய ஆசியாவுல இருந்து பறந்து வருது. வந்து என்ன பண்ணுது? எங்க வெட்டுக்கிளியைத் தின்னுட்டு, ராத்திரி தரையில, புல்லுக்குள்ள கூட்டமாப் படுத்துத் தூங்குது. மரத்துல இல்ல. பருந்துன்னா மரத்துலதான் அடையும்னு நாம நினைக்கிறோம். மரத்தை நட்டு அந்தப் பருந்துக்கு உபகாரம் பண்றதா நினைச்சா, அதோட பாயைச் சுருட்டி வெளிய எறியுறோம்னு அர்த்தம்.

இத்தனைக்கும் மேல நரி. எங்க பக்கம் நரியில ரெண்டு. ராத்திரி ஊளையிடுற பெரிய நரி ஒண்ணு. அது காட்டுலயும் இருக்கும், புல்லுலயும் இருக்கும், கொல்லைக்கும் வரும். இன்னொண்ணு வங்காநரி. பூனையை விடக் கொஞ்சம் பெருசு, வால் நுனி கருப்பா இருக்கும். அது அடர்ந்த காட்டுல இருக்காது. நாலா பக்கமும் கண்ணுக்குத் தெரியுற திறந்த புல்லுத்தரையிலதான் வளை தோண்டிக் குடும்பம் நடத்தும். எலி, வெட்டுக்கிளி, கரையான், தேளு, இலந்தைப் பழம், எல்லாம் திங்கும். இலந்தைக் கொட்டையை எங்கெங்கயோ கொண்டுபோய்ப் போடும், அடுத்த இலந்தைச் செடி அங்க முளைக்கும். பெரிய நரிக்கு மயில் முட்டையும் மயில் குஞ்சும், அசந்தா காட்டுப்பன்னிக் குட்டியும் இரை.

இப்படி ஒண்ணை ஒண்ணு தின்னு, ஒண்ணுக்கு ஒண்ணு கணக்குப் பார்த்துக்கிட்டு இருந்த இடம் அது. படிச்சவங்க உணவு வலைன்னு சொல்றாங்க. வலைன்னா சரியான வார்த்தைதான். மலைக்காட்டுல ஒரு முனை, எங்க கொல்லையில ஒரு முனை, நடு முடிச்சு மந்தைவெளியில. காட்டுல இருந்து எங்ககிட்ட வர்ற எதுவும் அந்தப் புல்லைத் தாண்டித்தான் வரணும். அங்க ஒளிய இடம் இருக்காது. பன்னி குட்டிகளோட பகல்ல தாண்டத் தயங்கும். எங்களுக்கு அதுதான் வேலி, கூலி வாங்காத காவல்.

அந்தக் காவலை யார் கெடுத்தது? கவர்மெண்டு கெடுத்துச்சு, கம்பெனி கெடுத்துச்சுன்னு எழுதினா உங்களுக்குப் படிக்க நல்லா இருக்கும். ஆனா முதல் ஆளு நான்தான்.

எனக்கு அப்ப இருபத்தஞ்சு வயசு இருக்கும். ஒரே வாரத்துல ரெண்டு ஆட்டுக்குட்டியை நரி தூக்கிட்டுப் போயிருச்சு. ரெண்டு குட்டின்னா அப்ப எங்க வீட்டுக்கு ஒரு மாசச் செலவு. ஆத்திரத்துல கோழிக் குடல்ல குருணை மருந்தைப் பிசைஞ்சு மந்தையில நாலு இடத்துல வச்சேன். காலையில போய்ப் பார்த்தா பெரிய நரி ஒண்ணு செத்துக் கிடந்துச்சு. சந்தோஷமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல. கொஞ்சம் தள்ளி வங்காநரி ஜோடியாச் செத்துக் கிடந்துச்சு. அதுங்க என் ஆட்டைத் தொட்டதே இல்ல, ஆட்டுக்குட்டி தூக்குற அளவுக்கு அதுக்கு உடம்பும் கிடையாது. அந்தப் பக்கம் ஒரு கீரி. செத்த கீரியைக் கொத்தின ஒரு பருந்து. என் அப்பா வந்து பார்த்துட்டு ஒரு வார்த்தைதான் சொன்னாரு: "இனிமே எலியை யார்டா பிடிப்பா, நீயா?"

அடுத்த வருஷம் கடலையில எலி விழுந்துச்சு. செடியைப் பிடுங்கினா பாதிச் செடியில காயே இல்ல. வளையைத் தோண்டினா படி படியாக் கடலை. நான் மட்டும் இல்ல, அந்தப் பத்து இருபது வருஷத்துல எங்க சுத்துப்பட்டுல மருந்து வைக்காத ஆளு கம்மி. ஊளைச் சத்தம் கேட்டுத் தூங்கின ஊரு, ஒரு நாள் சத்தமே இல்லாம ஆயிருச்சு. அது என்னைக்குன்னு கூட யாருக்கும் ஞாபகம் இல்ல.

அதுக்கு அப்புறம் சீமைக்கருவேலம். எரிக்க விறகு கிடைக்கும்னு பரப்பின மரம். அதோட காயை எங்க ஆடுமாடுங்க ஆசையாத் தின்னுச்சு, சாணியிலயும் புழுக்கையிலயும் விதையைக் கொண்டுபோய் மந்தை ஓரம், ஏரிக்கரை, ஓடைன்னு எல்லா இடத்துலயும் போட்டுச்சு. அதுக்கடியில புல்லு வளர முடியல. 2017-ல மதுரை உயர் நீதிமன்றக் கிளையே அதை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. கொஞ்ச நாள் ஜேசிபி ஓடுச்சு, அப்புறம் நின்னுச்சு, மறுபடி முளைச்சுச்சு. இப்ப மந்தையில வடக்கு ஓரம் நாலு ஏக்கர் முழுக்க அந்த முள்ளுக்காடுதான். காட்டுப்பன்னி மலைக்கே போறதில்ல. பகல் பூரா அந்த முள்ளுக்குள்ள படுத்துக் கிடக்கு, பொழுது சாஞ்சா எங்க சோளத்துல இறங்குது. ஒரு ஈத்துக்கு நாலஞ்சு குட்டி. தடுக்க நரி இல்ல. மயிலுக்கும் முட்டையிட அதே முள்ளுக்காடு, அடைய எங்க கிணத்து மேட்டு மரம், திங்க எங்க கடலை.

நரி போனதுதான் மயில் பெருகினதுக்கு ஒரே காரணம்னு நான் சத்தியம் பண்ணல. முருகன் வாகனம்னு யாரும் தொடுறதில்ல, சட்டமும் இருக்கு, பயிரும் இருக்கு, மழை மாறுறதும் இருக்கு. ஆனா கட்டிப்போட்ட காவல்காரனை நாமளே கொன்னுட்டு, திருட்டு ஏன் கூடிப்போச்சுன்னு ஆராய்ச்சி பண்றதுல என்ன நியாயம்?

இப்ப நகரத்துல இருக்குற உங்ககிட்ட வர்றேன். இந்த விஷயத்துல உங்கள்ல ரெண்டு கட்சி இருக்கு. ஒரு கட்சி, "ஐயோ மயில் பாவம், தேசியப் பறவை, விவசாயி விஷம் வைக்கிறான்"னு சொல்றது. 1963-ல இருந்து அது தேசியப் பறவைதான், 1972 வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்குதுதான், நான் மறுக்கல. விஷம் வைக்கிறவனுக்கு நானும் ஆதரவு இல்ல, மேல சொன்ன கதையே போதும். ஆனா விராலிமலைக்குக் காரெடுத்துக்கிட்டுப் போய் மயில் பார்த்துட்டு வர்ற உங்களுக்கு அதோட சாப்பாட்டுச் செலவு யார் கணக்குல போகுதுன்னு தெரியுமா?

இன்னொரு கட்சி, "சுட்டுத் தள்ளு"ங்கிறது. அதுக்கும் ஆணை வந்துருச்சு. 2025 ஜனவரியில சட்டமன்றத்துல அறிவிச்சாங்க. காப்புக்காட்டுல இருந்து 1 கிலோமீட்டர் வரைக்கும் பன்னியைச் சுடக்கூடாது. 1-ல இருந்து 3 கிலோமீட்டர் வரைக்கும் பிடிச்சுக் காட்டுல விடலாம். 3 கிலோமீட்டரைத் தாண்டினா வனத்துறை ஆளுங்க சுடலாம். என் கொல்லை காப்புக்காட்டுல இருந்து முக்கால் கிலோமீட்டர். ஆக எனக்குச் சேலைதான். சரி, தூரமா இருக்குறவனுக்காவது பிரயோஜனப்படட்டும்னே வச்சுக்குவோம். பத்துப் பன்னியைச் சுட்டாலும் முள்ளுக்காடு அப்படியே இருந்தா, காலியான வீட்டுக்கு அடுத்த குடும்பம் வாடகை இல்லாமக் குடிவரும். வீட்டை விட்டுட்டு ஆளை மட்டும் சுட்டு என்ன ஆகும்?

ரெண்டு கட்சியும் பார்க்காத ஒண்ணு அந்தப் புல்லுத்தரை. ஏன் பார்க்கலன்னா, அதுக்கு நாம வச்ச பேரு அப்படி. தரிசு. புறம்போக்கு. இந்தக் காலத்துலயும் ஒருத்தனைத் திட்டணும்னா புறம்போக்குன்னுதானே திட்டுறீங்க? வெள்ளைக்காரனுக்கு வரி வராத நிலமெல்லாம் வீண் நிலம். அதுல திரிஞ்ச ஓநாயும் வீண். 1875-ல இருந்து 1925-க்குள்ள தலைக்கு இவ்வளவுன்னு சன்மானம் கொடுத்து 80,000 புலிக்கு மேல, ஒன்றரை லட்சம் சிறுத்தைக்கு மேல, 2 லட்சம் ஓநாயக் கொன்னாங்க. பாருங்க, புலியை விட ஓநாய்தான் அதிகம். புலி காட்டுக்காரன், ஓநாய் புல்லுக்காரன். வெள்ளைக்காரன் போன பிறகும் அந்தக் கணக்கு மாறல. இன்னைக்கும் நாட்டோட தரிசு நில வரைபடத்துல எத்தனையோ புல்லுத்தரை வீண் நிலம்னுதான் பதிவாகி இருக்கு. கானமயில் அப்படித்தான் போச்சு. தமிழ்நாட்டுல இப்ப ஒண்ணு கூட இல்ல. மயிலைக் காப்பாத்தினோம், கானமயிலை விட்டோம். ஏன்னா மயில் மரத்துல ஏறிப் பொழைச்சுக்கும், கானமயிலுக்குப் புல்லைத் தவிர போக்கிடம் கிடையாது.

"மரம் நட்டா கெட்டதா?"ன்னு கேப்பீங்க. நட்ட இடத்தைப் பொறுத்துங்க. நீலகிரியையும் பழனி மலையையும் பாருங்க. உச்சியில சோலைக்காடும் புல்வெளியும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்தமாதிரி இருந்த இடம். பள்ளத்துல சோலை, மேட்டுல புல்லு. சோலையில மறைஞ்சு நிக்கிற செந்நாயும் சிறுத்தையும் புல்லுல மேயுற கடமானையும் வரையாட்டையும் நம்பி வாழும். மேட்டுல மரம் இல்லையேன்னு வெள்ளைக்காரன் சீகை மரத்தையும் கற்பூர மரத்தையும் கொண்டுவந்து நட்டான், நம்ம ஆளுங்களும் விடாம நட்டாங்க. பழனி மலையில 1973-ல இருந்து 2014-க்குள்ள புல்வெளியில மூணுல ரெண்டு பங்கு போச்சுன்னு செயற்கைக்கோள் படத்தை வச்சு ஆராய்ச்சி பண்ணவங்க எழுதி இருக்காங்க. மரமும் விவசாயமும் சேர்ந்து தின்ன புல்லு அது. நம்ம மாநில விலங்கு வரையாடு 2024 கணக்கெடுப்புல தமிழ்நாடு பூரா 1,031-தான். கொடைக்கானல் கடைத்தெருவுல காட்டுமாடு நடக்குறதை வீடியோ எடுத்துப் போடுறீங்களே, அதோட மேய்ச்சல் தரை எங்க போச்சுன்னு யாராவது கேட்டீங்களா? இப்ப அதே வனத்துறை சீகை மரத்தை வெட்டி எடுத்து, புல்லைத் திரும்ப வளர்க்கப் பாடுபடுது. நட்டதுக்கும் செலவு, வெட்டுறதுக்கும் செலவு.

மலைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு நினைக்காதீங்க. பழனி மலையோட வடக்குச் சரிவுத் தண்ணி அமராவதிக்கு வருது, அமராவதி கரூர் பக்கம் திருமுக்கூடலூர்ல காவிரியில சேருது. நீலகிரித் தண்ணி பவானி வழியா வந்து சேருது. மழையைப் பிடிச்சு வச்சுக் கொஞ்சம் கொஞ்சமா விடுறது அந்தச் சோலையும் புல்லும்தான். சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இருந்து ஸ்ரீரங்கம் போற டவுன் பஸ்ல பாலத்து மேல ஒரு நிமிஷம் எட்டிப் பார்க்குறீங்களே, அந்தத் தண்ணியில ஒரு பங்கு எங்கயோ ஒரு வெறும் புல்லு மேட்டுல இருந்து வந்தது.

புல்லும் மரமும் விரோதி இல்லன்னு காட்ட வெளிநாட்டுக்குப் போகவேண்டாம். அதே சத்திரத்துல இருந்து கரூர் வண்டியில ஏறி, அங்கிருந்து காங்கேயம், தாராபுரம் பக்கம் போய்ப் பாருங்க. கொரங்காடுன்னு சொல்லுவாங்க. சுத்தி முள்கிளுவை வேலி, உள்ள கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரம், அவ்வளவுதான். மரம் இருக்கு, ஆனா புல்லை மூடுற அளவுக்கு இல்ல. மாத்தி மாத்தி மேய விட்டுப் பல தலைமுறையாக் காப்பாத்தி வச்சிருக்காங்க. காங்கேயம் மாடு அந்தப் புல்லுல உருவான மாடு. ஜல்லிக்கட்டுக்காக மெரினாவுல உக்காந்தீங்களே, நானும் சந்தோஷப்பட்டேன். மாட்டுக்காகப் போராடினவங்க, அந்த மாடு திங்குற புல்லு மேல பிளாட் போடும்போது எங்க போனீங்க?

புல்லு மேல பிளாட் மட்டும் இல்ல. கறிக்கடைக் கழிவை ராத்திரியோட ராத்திரியாக் கொண்டுவந்து ரோட்டோரம் கொட்டுறது டவுன் வண்டி. வேண்டாத நாய்க்குட்டியைக் கார்ல கொண்டுவந்து ஊர் எல்லையில இறக்கிவிடுறதும் டவுன் ஆளுதான், கண்ணால பார்த்திருக்கேன். முன்னாடி செத்த மாட்டை மந்தையில போட்டா பாறுக் கழுகு இறங்கி ஒரு பொழுதுல எலும்பாக்கிட்டுப் போகும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக் ஊசி மருந்து கழுகுக் கூட்டத்தையே அழிச்சுது. 2006-ல அந்த மருந்தை மாட்டுக்குப் போடக்கூடாதுன்னு தடை வந்தபோது எங்க வானம் காலியாயிருந்துச்சு. கழுகு தின்ன இடத்துல இப்ப நாய் திங்குது. அந்த நாய்க்கூட்டம்தான் முயலையும் கவுதாரி முட்டையையும் விரட்டுது, நரிக் குட்டியையும் கடிச்சுப் போடுது. நரி இருந்த இடத்துல நாய் வந்தா ரெண்டும் ஒண்ணுதானேன்னு நினைக்காதீங்க. நரி தன் இரையை நம்பி வாழுது, இரை குறைஞ்சா தானும் குறையும். நாய் உங்க குப்பையை நம்பி வாழுது, அது குறையவே குறையாது.

ஸ்ரீரங்கத்துல மேலணைக் காப்புக்காட்டுல வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கு, சுமார் 25 ஏக்கர். நல்ல இடம், பேரப்பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுப் போயிருக்கேன். இந்தப் புழு எருக்கு திங்கும், இந்தப் புழு ஆவாரை திங்கும்னு அங்க சொல்லிக்கொடுத்தாங்க. எருக்கும் ஆவாரையும் எங்க மந்தையில சும்மா வளருது. அங்க டிக்கெட் வாங்கிப் பார்க்குறதை இங்க தரிசுன்னு சொல்லி ஜேசிபி விட்டுக் குழி தோண்டணுமா?

நான் மரத்துக்கு எதிரி இல்ல, திரும்பவும் சொல்றேன். என் கிணத்து மேட்டுல நான் நட்ட வேம்பும் புங்கனும் நிக்குது. நடுறதுக்கு எவ்வளவோ இடம் இருக்கு. ரோட்டோரம், ஏரிக்கரை, பள்ளிக்கூடம், உங்க காலேஜ், உங்க நகர். சத்திரத்துல இருந்து மத்தியானம் ரெண்டு மணிக்கு மெயின்கார்டு கேட் வரைக்கும் நடந்து பாருங்க, மரம் எங்க வேணும்னு உங்க உச்சந்தலையே சொல்லும். அங்க நடாம அறுபது கிலோமீட்டர் பஸ் ஏறி எங்க மந்தைக்கு ஏன் வர்றீங்க? அங்க இடம் கேட்டா ஆள் சண்டைக்கு வருவான். இங்க நரி சண்டைக்கு வராது. அதானே காரணம்?

எங்க பக்கத்துல ஒரு பழமொழி இல்ல, ஒரு கேள்வி உண்டு. ஒருத்தனுக்கு எதிர்பாராம நல்லது நடந்தா, "இன்னைக்கு நரி முகத்துல முழிச்சியா?"ன்னு கேப்பாங்க. மலைக்கு அந்தப் பக்கம், சேலம் மாவட்டம் வாழப்பாடி சுத்து ஊர்கள்ல பொங்கல் முடிஞ்சதும் வங்காநரியை வலை வச்சுப் பிடிச்சு, கோயிலுக்குக் கொண்டுவந்து, ஊரே அது முகத்துல முழிச்சுட்டுத் திரும்ப விடுற வழக்கம் இருந்துச்சு. அப்பதான் மழையும் விளைச்சலும் நல்லா இருக்கும்னு நம்பிக்கை. சட்டப்படி தப்புன்னு வனத்துறை தடுத்து அபராதம் போடுது. தடுக்குறதும் சரிதான், உயிரைப் பிடிச்சுக் கட்டி இழுக்கக்கூடாது. ஆனா அந்த நம்பிக்கைக்குள்ள ஒரு விவசாயியோட கணக்கு இருக்கு. நரி இருக்குற ஊர்ல எலி கம்மி, எலி கம்மியானா விளைச்சல் கூட. நம்ம தாத்தன் அதைச் சாமி கும்பிட்டுச் சொன்னான். நாம பிடிச்சவனுக்கு அபராதம் போடுறோம், அதோட வளையை மூடி மரம் நடுறவனுக்குச் சான்றிதழ் கொடுக்குறோம்.

கடைசியா ஒரு விஷயம். இதை இதுவரைக்கும் ஊர்லயே நாலு பேருக்கு மேல சொல்லல. போன மாசி மாசம் விடிகாலையில மாடு தேடி மந்தைக்குப் போனேன். தெக்கு ஓரம் கரையான் புத்துக்குப் பக்கத்துல புது மண்ணு. தள்ளி உக்காந்து பார்த்தேன். கொஞ்ச நேரத்துல வங்காநரி ஒண்ணு தலையை நீட்டுச்சு. பின்னாடியே மூணு குட்டி. நான் மருந்து வச்ச பிறகு இத்தனை வருஷத்துல அந்த மந்தையில நான் குட்டியோட பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. ஆட்டுக்குட்டிக்கு ரெண்டு பங்கா நான் கொடுக்கவேண்டிய கடன் அது. அந்த வளை இருக்குற இடத்துலதான் அந்தப் பிள்ளைங்க குழி தோண்டக் கயிறு பிடிச்சு அளந்து கொடி நட்டு வச்சிருக்காங்க.

அக்டோபர் 2 கிராமசபையில நான் பேசப் போறேன். மூணே கோரிக்கை. ஒண்ணு, மந்தைவெளியில ஒரு மரக்கன்னு கூட வேண்டாம், மேய்க்கால் மேய்க்காலாவே இருக்கட்டும்னு தீர்மானம். ரெண்டு, வர்ற காசும் ஆளும் வடக்கு ஓரத்து நாலு ஏக்கர் சீமைக்கருவேலத்தை வேரோட எடுக்கட்டும். ஒரு தடவை எடுத்துட்டுப் போட்டோ எடுத்துக்கிட்டுப் போனா பத்தாது, அடுத்த மூணு வருஷம் முளைக்க முளைக்கப் பிடுங்கணும். மூணு, மந்தையில யார் மருந்து வச்சாலும் ஊர் கேள்வி கேக்கணும். கேள்வி முதல்ல என்கிட்ட இருந்து ஆரம்பிக்கட்டும்.

தம்பி, இதை நீ படிச்சா உன்மேல எனக்குக் கோபம் இல்லன்னு தெரிஞ்சுக்க. லீவு நாள்ல சினிமாவுக்குப் போகாம மரக்கன்னைத் தூக்கிக்கிட்டு வர்ற மனசு எனக்கு அந்த வயசுல இல்ல. நான் விஷம் தூக்கிக்கிட்டுப் போனவன். கன்னுகளை வீணாக்க வேண்டாம், எங்க ஊர் ஏரிக்கரையில இடம் காட்டுறேன், கூட நின்னு தண்ணி ஊத்துறேன். மந்தைக்கு வரும்போது மட்டும் மண்வெட்டியும் பச்சை பனியனும் வேண்டாம். சத்திரத்துல முதல் வண்டியைப் பிடிச்சு வா, முந்தின நாள் ராத்திரியே வந்து எங்க திண்ணையில படுத்தாலும் சரி. விடியுறதுக்கு முன்னாடி புத்துக்கு நூறு அடி தள்ளி ரெண்டு பேரும் உக்காருவோம். பேசாம உக்காரணும், செல்போனை அணைச்சிடணும். அதுக்கப்புறம் எந்திரிச்சு நின்னு, இந்த நிலம் சும்மா கிடக்குதான்னு நீயே சொல்லு.